கிராணியார் எரித்த பலகைகள்

எங்கள் வீட்டின் பக்கவாட்டு அறையில் எட்டு மாதம் குடியிருந்த கிராணியார், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். அதில் ஆறு மாதத்துக்கு வாடகை தரவில்லை. அப்போது எனக்கு வயது எட்டு.

மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் குமாஸ்தாவைக் கிராணி என்போம். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை போனதும், மனைவியோடும் ஒரு தகரப் பெட்டியோடும் அவர் பட்டணத்தில் எங்கள் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேர்ந்தார். எங்களுடையது ரயில் பாதைக்குப் பின்னால், கட்டைக்கால்கள் மேல் நின்ற பலகை வீடு. ரயில் இன்ஜினுக்குக் கரி போடும் பயர்மேனாக இருந்த அப்பா, சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் அதைக் கட்டியிருந்தார். ஒவ்வொரு பலகையும் எந்தக் கிட்டங்கியில் வாங்கியது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

கிராணியார் தினமும் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு, குடையோடு வேலை தேடிக் கிளம்புவார். வாசலில் நான் நின்றால் தொப்பியைத் தூக்கி, "குட் மார்னிங், மேடம்" என்பார். உலகத்திலேயே என்னை மேடம் என்று அழைத்தவர் அவர் ஒருவர்தான். மாலையில் திரும்பி வந்ததும் அப்பாவிடம், "அடுத்த வாரம் நிச்சயமுங்க" என்பார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. கிராணியம்மா என்னை மடியோடு இழுத்து உட்கார வைத்து, பேன் பார்த்துத் தலை பின்னிவிடுவார். அவர் அப்போது பிள்ளையுண்டாகியிருந்தார். கொழுக்கட்டை அவித்தால் முதல் கொழுக்கட்டை எனக்குத்தான்.

அன்று காலை அறைக் கதவைத் தள்ளிப் பார்த்த அம்மா, "ஐயோ, ஏங்க, இங்க வந்து பாருங்க!" என்று அலறினார். அறையில் ஒரு பாய் மட்டும் விரித்துக் கிடந்தது. அம்மா அந்தப் பாயை இழுத்ததும் கீழேயிருந்து எங்கள் சிவப்புக் கோழி தலையை நீட்டி எங்களைப் பார்த்தது. தரைப்பலகையில் ஐந்து இல்லை. பின்பக்க ஜன்னல் கதவு ஒன்று இல்லை. அறைக்குள் இருந்த பலகைத் தடுப்பின் கீழ்ப்பாதியும் இல்லை. எல்லாம் சாம்பலாக அடுப்பில் இருந்தன. விறகு வாங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் வீட்டையே கொஞ்சம் கொஞ்சமாக அடுப்பில் வைத்திருக்கிறார்கள்.

அப்பா குனிந்து அந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு, "நாள் பூரா இன்ஜினுக்குத் தீனி போடுறவன் நானு. என் வீட்டையே ஒருத்தன் தீனியாப் போட்டுட்டானே!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

செய்தி எப்படித்தான் பரவியதோ, வங்காளிப் பால்காரர் செம்போடு வந்துவிட்டார். பின்னாலேயே மளிகைக் கடைத் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, கால் செருப்பு ஒன்று அவிழ, "லாரி! லாரி!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்தார். மலாயில் அதற்கு ஓடிவிட்டான் என்று பொருள். நான் வாசலுக்குப் போய் லாரியைத் தேடினேன். இருவருக்கும் கிராணியார் கடன் வைத்திருந்தார். இருவருமே எங்கள் வீட்டு ஆள் என்று நம்பித்தான் கொடுத்திருந்தார்கள். அவர்கள் அப்பாவைத்தான் பார்த்தார்கள். அப்பாவுக்குக் காது மடல்கள் சிவந்துவிட்டன.

கிராணியாரும் மனைவியும் பெட்டியோடு கிள்ளான் ரயில் ஏறியதைப் பார்த்ததாகச் சலவைக்காரர் வந்து சொன்னார். வேலையில்லாத தோட்டக் கூலிகளை ஊருக்கு இலவசமாக ஏற்றிப் போகும் கப்பல் அன்று அங்கே துறைமுகத்தில் நின்றது. "கப்பல் ஏறுறதுக்குள்ள புடிக்கிறேன்" என்று அப்பா ரயில் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "புள்ளையையும் கூட்டிட்டுப் போங்க" என்றார் அம்மா. என்னை ஊர்சுற்றிப் பார்க்கத்தான் அனுப்புகிறார் என்று குதித்துக்கொண்டு கிளம்பினேன். குழந்தை கூட இருந்தால் அப்பா கை நீட்டமாட்டார் என்பது அம்மாவின் கணக்கு என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

ரயிலில் அப்பா வழி நெடுக உதடு அசைத்துக்கொண்டு வந்தார். திட்டுவதற்கு ஒத்திகை.

துறைமுகத்தில் அத்தனை தமிழர்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. மூட்டையும் சட்டியும் குழந்தைகளுமாகத் தரையெல்லாம் ஆட்கள். ஒரு மேசை முன்னால் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அந்த வரிசையில் கிராணியாரைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கோட்டு இல்லை, தொப்பி இல்லை. தலையில் துண்டு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய அழுக்கு வேட்டி. இருந்தாலும் எனக்குத் தெரியாதா?

"கிராணியாரே! கிராணியாரே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த பியூன் திரும்பினார். "என்ன பாப்பா சொன்னே? கிராணியா? இந்த ஆளா?" பிறகு அவரைப் பார்த்து, "கூலிங்களுக்குத்தான்யா இந்தக் கப்பலு. கிராணிமாருங்க காசு கட்டிப் போவணும். தெரியுமா, தெரியாதா?" என்றார்.

கிராணியார் தலைத் துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். கிராணியம்மா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். அவர் கிராணியாரைப் பார்த்தார், கிராணியம்மாவைப் பார்த்தார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

"யாரு, இவனா கிராணி?" என்று அப்பா பெரிதாகச் சிரித்தார். "பேரு எழுதத் தெரியாத பயங்க இவன். காப்பார்ல பால்மரம் சீவிக்கிட்டிருந்தான். புள்ளைங்க கேலிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதே பேராப் போச்சு. இல்லடா?"

"ஆமாங்க" என்றார் கிராணியார். அவர் குரல் மாதிரியே இல்லை.

பியூன் அப்பாவின் ரயில் தொப்பியை ஒருமுறை பார்த்தார். சிரித்துக்கொண்டே, "போ, போ" என்று கிராணியாரின் முதுகைத் தட்டி முன்னே தள்ளினார்.

வந்த காரியம் முடிந்தது என்று நினைத்தேன். நாலு பேர் முன்னால் வாடா போடா என்று பேசி அப்பா பழி தீர்த்துக்கொண்டார். இனி வீட்டுக்குப் போகலாம். என் வருத்தம் வேறு. கிராணியார் என்னை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. மேசையைத் தாண்டியதும் அப்பாவை மட்டும் திரும்பிப் பார்த்தார். கைகள் இரண்டும் மார்பு வரை எழுந்தன. பியூன் அந்தப் பக்கம் பார்க்கவே, குளிருக்குத் தேய்ப்பதுபோல் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு கூட்டத்தில் மறைந்தார். அந்த வெயிலில் என்ன குளிரோ! என்னைத் தெரியாதவர் மாதிரி போனவரோடு இனிப் பேசுவதில்லை என்று நான் முடிவு செய்தேன்.

திரும்பும் ரயிலில் அப்பா ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. கச்சான் கடலைப் பொட்டலம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, "அம்மாகிட்ட அவங்களைப் பார்க்கலைன்னு சொல்லணும், என்ன?" என்றார். பொய் சொன்னால் முதுகுத் தோலை உரிப்பவர் அவர்தான். கச்சான் நன்றாக வறுபட்டிருந்தது. நான் தலையாட்டினேன்.

வீட்டில் அப்பா சொன்னபடியே சொன்னார். "கூட்டமானா கூட்டம். எங்க போய்த் தேடுறது?" அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். கேட்டால் என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் நூறு முறை சொல்லிப் பார்த்தபடி தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

மோர் ஊற்றும்போது அம்மா மெதுவாக, "மசக்கை இன்னும் தீரல அதுக்கு. கப்பல்ல வாய்க்கு ஏதும் வெச்சிருந்துச்சா?" என்றார்.

"முந்தானையில எலுமிச்சங்கா ரெண்டு முடிஞ்சு வெச்சிருந்திச்சு" என்றார் அப்பா.

சொல்லிவிட்டு அவர் கை அப்படியே நின்றது. நான் கச்சான் வாங்கிக்கொண்டு கட்டிக் காத்த ரகசியத்தை அப்பாவே போட்டு உடைத்துவிட்டார். இனி ஓட்டைத் தரைக்கும் பாக்கி வாடகைக்கும் சேர்த்து வீடு இரண்டாகும் என்று சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அம்மா அப்பாவின் தட்டில் இன்னொரு அகப்பை சோறு வைத்தார். அப்பா மறுக்காமல் சாப்பிட்டார். நான் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சண்டை வரவே இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.