'தனியாள்' நீக்கப்பட்ட கதை

என் அக்காவால் கண்ணில் படுகிற எதையும் திருத்தாமல் இருக்க முடியாது. அழைப்பிதழ் கொண்டுவந்து நீட்டுபவர்களிடமே பேனாவை வாங்கிப் பிழையைச் சுழித்துத் திருப்பிக் கொடுப்பாள். பத்தொன்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அந்த வேலையை விட்டு நான்கு வருஷமாகிறது. விட்டாள் என்று சொல்வதே தப்பு. அத்தானுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்த நாளிலிருந்து அவளால் வீட்டைவிட்டு நகர முடியவில்லை, அவ்வளவுதான்.

வீடு மாடியில், இரண்டே அறை. கீழே யாருடையதோ கிடங்கு, பகலிலும் பூட்டியே கிடக்கும். அத்தானுக்கு முதுகு புண்ணாகாமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மருந்துக் கடைக்குப் போனால்கூட அக்கா ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வருவாள். நான் இருப்பது மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. பிள்ளைகள் படிப்பு, மாமியார் உடம்பு, லீவு கிடைக்காது என்று என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமே கிடையாது.

அந்த இணையதளத்தை அவளுக்குக் காட்டிக் கொடுத்ததும் நான்தான். நேரில் போய் நிற்க மனசில்லாதவர்கள் இப்படி ஏதாவது லிங்க் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளும் இடம் அது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே குறிச்சொற்கள் இருக்கும்: படுக்கைப்புண், குழாய் உணவு, சக்கர நாற்காலி. விஷயம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து வந்து பதில் எழுதுவார்கள். ஆனால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? 'அவசரம்' என்று ஒன்று, 'உதவி' என்று ஒன்று, 'தயவுசெய்து' என்றுகூட ஒன்று. பார்த்ததும் அக்காவுக்குக் கை அரித்தது. ஒரே வருஷத்தில் தளத்தைக் கவனித்துக்கொள்ளும் ஐந்து தொண்டர்களில் ஒருத்தி ஆகிவிட்டாள். அங்கே அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர்.

"குறிச்சொல்லை மட்டும் பார்த்தாலே கேள்வி எதைப் பத்தினதுன்னு தெரியணும். தெரியலைன்னா தூக்கு, அவ்வளவுதான்" என்பாள் போனில். 'அவசர'த்தைத் தூக்கினாள், 'உதவி'யைத் தூக்கினாள். அப்போதெல்லாம் அவள் குரலில் பழைய அச்சகத்து மிடுக்கு திரும்பியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிட, நான் அடிக்கடி போன் பண்ண வேண்டியதில்லை என்று ஆறுதலாக இருந்தது.

அப்புறம் 'தனியாள்' வந்தது. நோயாளியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் போட்டுக்கொண்ட குறிச்சொல். அறுநூற்று நாற்பது கேள்விகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐவரில் ஒருவரான ஓய்வுபெற்ற நர்ஸம்மா, "இருந்துட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று எழுதினாராம். அக்கா விடவில்லை. தனியாக இருப்பது நோயா, அதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும் என்று வாதாடி, நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தாள்.

"நீயும் தனியாள்தானேக்கா?" என்று கேட்டேன்.

"அதனாலதான் சொல்றேன். நான் அதை நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா திரியறேன்?"

எனக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்றிவிட்டேன்.

ஒரு கேள்வியில் கைவைத்தால் அது எத்தனை பழசானாலும் முதல் பக்கத்துக்கு ஏறி வந்துவிடும். மொத்தமாகத் திருத்தினால் இன்றைக்குக் கேட்டவர்களின் கேள்விகள் கண்ணில் படாமல் கீழே போய்விடும். அதனால் ஒரு நாளைக்கு ஐந்துதான் என்று தளத்தில் விதி. காலையில் மருந்து கொடுத்ததும் இரண்டு, துணி அலசிப் போட்டதும் இரண்டு, சாயங்காலம் ஒன்று என்று நூற்றிருபத்தெட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். கேள்விக்குள்ளேயும் அதே பல்லவியை யாராவது பாடியிருந்தால் அந்த வரியும் போயிற்று. 'கேள்விக்குத் தேவையில்லாத சொந்த விவரம் நீக்கப்பட்டது' என்று காரணம் எழுதிவைப்பாள். ஐவருக்கு உதவியாக, திருத்தம் மட்டும் செய்யப் புதிதாக வந்த தொண்டர்களுக்கு அதையே வழிகாட்டியாகவும் எழுதிக் கொடுத்தாள். கடைசியில், இனி யாரும் அந்தச் சொல்லைப் புதிதாகப் போட முடியாதபடி பூட்டியும் ஆயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று ஒரு தையல்காரர் கேட்டிருந்தார். ஒருவர் கக்கத்தில் கைகொடுக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலைத் தாங்க வேண்டும் என்று வரிசையாகப் பதில்கள், படம் போட்டுக்கூட. தையல்காரர் கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: "அந்த இன்னொருத்தர் எந்தக் கடையில கிடைப்பார்?"

அக்கா அதைப் போனில் எனக்குப் படித்துக் காட்டினாள்.

"அந்தச் சொல்லுக்கு ஒரு வேலை இருந்திருக்குடி. கேக்கறவங்களுக்கு இல்ல. பதில் சொல்றவங்களுக்கு. இங்க ரெண்டே கைதான் இருக்குன்னு சொல்லிட்டு இருந்திருக்கு. நான் பாட்டுக்குப் புடுங்கிப் போட்டுட்டேன்."

பூட்டைத் திறக்க ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும். நர்ஸம்மா உடனே சரி என்றார். மற்ற மூவரும், அக்கா முன்பு எழுதிய வாதங்களையே எடுத்து அவள் முன்னால் வைத்தார்கள். அவ்வளவு நன்றாக எழுதித் தொலைத்திருந்தாள்.

போன வியாழக்கிழமை எனக்கு மீட்டிங். போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். அக்காவிடமிருந்து மூன்று அழைப்புகள். மத்தியானம்தான் பார்த்தேன். புலம்பத்தான் கூப்பிட்டிருப்பாள், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று சாப்பிடப் போய்விட்டேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது சும்மா அந்தத் தளத்தைத் திறந்தேன். காலை பத்தேகாலுக்குக் கத்தரிக்கோல் கேட்டிருந்தாள்: "கட்டிலிலிருந்து சரிந்து தரையில் விழுந்தவரை மேலே ஏற்றுவது எப்படி? அடி இல்லை. எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது." அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்து, அடிக்கப்பட்டிருந்தது. திருத்தங்களைப் பார்க்கும் இடத்தில் அது சிவப்பாகத் தெரிந்தது: "வீட்டில் நான் ஒருத்திதான்." புதுத் தொண்டர் யாரோ நான்கே நிமிஷத்தில் எடுத்திருந்தார். காரணமும் எழுதியிருந்தார்: கேள்விக்குத் தேவையில்லாத சொந்த விவரம் நீக்கப்பட்டது.

பதில்கள் மூன்று. மூன்றிலும் இரண்டு பேர் நின்றார்கள்.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"தண்ணி கேன் போடறவர் ரெண்டு மணிக்கு வந்தாரு. அவர்தான் தூக்கிவிட்டாரு" என்றாள், யார் வீட்டுக் கதையோ போல.

"அதுவரைக்கும்?"

"பக்கத்துல நானும் தரையிலதான் உக்காந்திருந்தேன். தலையணை வெச்சுவிட்டேன். உன் அத்தான்தான், அழாதே அழாதேன்னு கொழறிக்கிட்டே இருந்தாரு."

"அந்த வரியை மறுபடி போட்டிருக்கலாமேக்கா?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போடறது?"

சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தேன். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். அத்தானைப் புரட்டும் நேரமாகியிருந்தது. அவள் தனியாகச் செய்தால் முதலில் காலை மடக்கி, பிறகு இடுப்பை இழுத்து, மூச்சு வாங்கி, தோளைத் தள்ளி, தலையணை செருகி, கால் மணி நேரம் ஆகுமாம். நான் கால்பக்கம் விரிப்பைப் பிடித்தேன், அவள் தலைப்பக்கம் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்றாள். அத்தான் புரண்டு படுத்துவிட்டார். அவ்வளவுதான்.

அக்கா விரிப்பைக் கையிலிருந்து விடாமல் நின்றாள்.

"முடிஞ்சிருச்சா?" என்றாள். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். நான்கு வருஷத்தில் இது எத்தனை தடவை இருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த இரண்டு நாளும் ஒரு தடவைகூட அவளைத் தனியாகப் புரட்ட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிப் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.