சீரில் வந்த சிம்பல்

என் கல்யாணத்தில் சீர்வரிசையாக அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாம் வந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு சிம்பலும் வந்தது. டிரம்ஸ் செட்டில் தாங்கியின் உச்சியில் மாட்டியிருக்குமே, குச்சியால் தட்டினால் சத்தம் சிதறுமே, அந்த வெண்கலத் தட்டு. என் மாமனார் அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, வாழைப்பழச் சீப்போடு தாம்பாளத்தில் வைத்திருந்தார். பந்தலில் பாதிப்பேர் அதைப் பெரிய சட்டிக்கு மூடி என்று நினைத்தார்கள்.

நான் அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவின் சிம்பல்கள் தகரத்துக்கு அண்ணன் தம்பிகள். வெளிநாட்டுச் சிம்பலைக் கண்ணால் பார்ப்பதற்கே மெட்ராஸ் போக வேண்டும். வடக்கனந்தலில் குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிற மனிதருக்கு இது எங்கே கிடைத்தது? கேட்டேன்.

"மெட்ராஸ்ல ஒரு பெரிய டிரம்மர் வாசிச்சது மாப்ள. உங்க கைல இருந்தாத்தான் அதுக்கு மருவாதி," என்றார். அதற்கு மேல் கேட்டால் பேச்சு கரும்புக்குப் போய்விடும்.

எனக்கு ஒரே ஒரு வயிற்றெரிச்சல். சீர்ப் பாத்திரத்தில் எழுத்து வெட்டாமல் எங்கள் பக்கத்தில் கொடுக்க மாட்டார்கள். அண்டா குடத்தோடு இதையும் பாத்திரக் கடை பாயிடம் கொடுத்திருக்கிறார். பாயும் சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டி, 'திருமணச் சீர்' என்று புள்ளி எழுத்தில் பெரிதாக வெட்டிக் கொடுத்துவிட்டார். சிம்பலில் போய் யாராவது உளி வைப்பார்களா? தாலி கட்டின கையோடு மாமனாரிடம் சண்டைக்குப் போக முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சத்தம்! ஒரு தட்டு தட்டினால் பூப்போல விரிந்து, பாட்டின் அடுத்த வரி வரைக்கும் கூடவே வரும். விளிம்பில் வரிசையாகச் சில பள்ளங்கள் இருந்தன. அந்தப் பெரிய டிரம்மர் வருடக்கணக்காக ஒரே இடத்தில் அடித்து அடித்து உண்டான தழும்பு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கச்சேரிக்கு முன்னால் அந்தப் பள்ளங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அவர் குச்சி விழுந்த இடத்தில்தான் என் குச்சியும் விழ வேண்டும் என்று குறிபார்த்து அங்கேயே அடிப்பேன். குழுவில் என்னைச் சாமியார் என்று கேலி செய்தார்கள். பொறாமை பிடித்தவர்கள் என்று விட்டுவிட்டேன்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. என் கல்யாணத்துக்கு முந்தைய வருடம் சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டு, எங்கள் பக்கத்தில் பஸ்ஸே ஓடவில்லை. பேப்பர் வரவில்லை, பால் வரவில்லை. அதன் பிறகும் எந்த ஊரில் எப்போது மறியல் என்று தெரியாது. பேசி முடித்த கச்சேரி நடந்தால்தான் நிச்சயம். அதனால் சிம்பல் பெரும்பாலும் வீட்டில்தான் கிடந்தது.

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் வெளியே போய்விட்டுத் திரும்பினேன். கிணற்றடியில் என் மனைவி சிம்பலைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிம்பலின் மேல் படிந்திருக்கும் கறுப்பிலும் அதன் குரல் இருக்கிறது என்று நம்புகிறவன் நான்.

"ஐயோ, இன்னா பண்ற நீ?"

"இன்னா பண்றன்? எங்கப்பா குடுத்த சீரு கருத்துப் போயிக் கெடக்குது. பொங்கலுக்கு வெளக்காம வுடுவாங்களா?"

பிடுங்கித் துடைத்தேன். தட்டு தங்கமாக மின்னியது. 'திருமணச் சீர்' என்ற புள்ளிகளுக்கு அடியில், கறுப்பு போன இடத்தில், ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகள் தெரிந்தன. யாரோ ஊசி முனையால் கீறிய இனிஷியல். பாயின் உளி சரியாக அதன் மேலேயே விழுந்திருந்தது.

பொங்கலன்று விருந்துக்கு வந்த மாமனாரிடம் சிம்பலைக் காட்டி, இது யார் எழுத்து என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது. பாதிச் சோற்றில் கையை உதறி எழுந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டல மாப்ள," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திருட்டுப் பொருளோ என்று முதல்முறையாக எனக்குப் பகீரென்றது.

எங்கள் குழுத் தலைவருக்கு மெட்ராஸ் வாத்தியக்காரர்கள் எல்லாரும் பழக்கம். எழுத்துகளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "யோவ், இது அவரு கீறற எழுத்துய்யா. தன் சிம்பல் எல்லாத்துலயும் இப்படிக் கீறி வச்சிருப்பாரு," என்று ஒரு பெயரைச் சொன்னார். சினிமாவில் நான் காது தேயக் கேட்ட வாசிப்பு அந்தக் கைகளுடையது. "பாவம், இப்ப வாசிக்கறதில்ல. மரம் வெட்டிப் போட்டாங்களே, அப்ப நம்ம மலை ரோட்டுலதான் எங்கயோ ஆக்சிடெண்டு. கை போயிடுச்சு," என்றார்.

அடிபட்டுக் கிடந்த மனிதனிடமிருந்து என் மாமனார் எடுத்தாரா? மனைவியிடம் எதையும் சொல்லவில்லை. சிம்பலை அவளுடைய பழைய புடவையில் சுற்றிக்கொண்டு, குழுத் தலைவரிடம் விலாசம் வாங்கி மெட்ராஸுக்கு பஸ் ஏறினேன்.

அந்த டிரம்மரே கதவைத் திறந்தார். லுங்கியும் பனியனும். வலது கை தோளிலிருந்து உயிரில்லாமல் தொங்கியது. நான் கள்ளக்குறிச்சி என்றதும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். புடவையைப் பிரித்தேன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. இடது கை விரலை மடக்கி, முட்டியால் ஒரே ஒரு தட்டு தட்டி, சத்தம் முழுசாக அடங்கும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா புடிச்ச இத?"

சீரில் வந்தது என்று உளறினேன். அவர் சிரிக்கவில்லை. அன்று வெள்ளிமலையில் கச்சேரி முடித்துவிட்டுக் காலையில் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். வடக்கனந்தலுக்கு முன்னால் ஒரு வளைவில், பனிமூட்டத்தில், குறுக்கே கிடந்த புளியமரத்தில் கார் மோதிவிட்டது. யாரோ ஓர் ஆள் அவரை இழுத்து, வைக்கோல் போட்ட மாட்டு வண்டியில் கிடத்தியிருக்கிறார். வழியெல்லாம் மரம், மரத்தண்டை எல்லாம் கூட்டம். ஒரு வண்டியையும் விடுவதில்லை. பின்சீட்டிலிருந்த சிம்பலை எடுத்து, தண்டோரா போடுகிறவர் மாதிரி அடித்துக்கொண்டே அந்த ஆள் வண்டிக்கு முன்னால் நடந்திருக்கிறார். சத்தம் கேட்டு ஜனங்கள் ஓடிவந்து, ரத்தத்தைப் பார்த்து, மரத்தைப் புரட்டி வழிவிட்டிருக்கிறார்கள். இப்படியே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும்.

"தாளம் தப்பித் தப்பி அடிச்சான்யா அந்தாளு," என்றார். "ஒரு எடத்துல ஓட்டம், ஒரு எடத்துல இழுவை. எனக்குக் கண்ணு சொக்குது. இவன் அடிக்கிறது காதுல குத்துது. மனசுக்குள்ள அவனத் திருத்திக்கினே வந்தேன். அதனாலதான் நெனவு தப்பல. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிட்டுப் போனவன், அப்புறம் வரவே இல்ல. யாரு அவன்? நான் அவனப் பாக்கணும். இத எடுத்துக்கினு போயி, அவனோடயே கொண்டா."

திருடன் என்று நினைத்தேனே, என் மாமனார் ஓர் உயிரைக் காப்பாற்றியவர்! திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே வடக்கனந்தலில் கரும்புக் கொல்லைக்குப் போய், பம்புசெட்டண்டை நின்றவரைக் கட்டிப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் கைகளை மெல்ல எடுத்துவிட்டார்.

"அந்தப் புளியமரத்த வெட்டுனதே நான்தான் மாப்ள."

மோட்டார் சத்தத்தில் சரியாகக் கேட்டதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். சரியாகத்தான் கேட்டிருக்கிறது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எம்மவன் அவ்ளோ மார்க்கு வாங்கியும் காலேஜில எடம் குடுக்கல. கேட்டதுல தப்பில்லன்னு இன்னிக்கும் சொல்லுவேன். ஆனா வளைவுல வெட்டியிருக்கக் கூடாது. வெட்டிட்டு நிமுந்தன், காரு வந்து மோதுது."

"அப்புறம் ஏன் ஓடிட்டீங்க?"

"ஆசுபத்திரி வாசல்ல போலீசு. மரம் வெட்டுனவன எல்லாம் புடிச்சிக்கினு இருந்தாங்க. கைல இது இருக்கறதே தெரியாம ஓடியாந்துட்டன். மெட்ராசு டிரம்மருன்னு அப்புறம் ஊர்ல பேசிக்கினாங்க. வூட்டுல வச்சிருந்தா தூக்கம் வரல. வித்தா அது திருட்டு. வாசிக்கிற கைக்காவது போவட்டும்னுதான் உங்களுக்குக் குடுத்தன். அவுரு எழுத்து வெளிய தெரியக் கூடாதுன்னு அதுமேலயே வெட்டச் சொன்னன் பாய்கிட்ட."

என்னவோ தோன்றிக் கேட்டேன். "அன்னிக்கு இத எதால அடிச்சீங்க?"

"கைல இருந்தது கோடாலிதானே மாப்ள. அதும் பின்பக்கத்தாலதான்."

மடியிலிருந்த சிம்பலைப் பார்த்தேன். விளிம்பில் வரிசையாக அந்தப் பள்ளங்கள். நான் கண்ணில் ஒற்றிக்கொண்ட பள்ளங்கள். அவர்மேல் கோபமா, இரக்கமா, எனக்கே தெரியவில்லை. அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை.

"அவர் உங்களப் பாக்கணும்கறார்," என்றேன்.

"பாத்து நன்றி சொல்லுவாரு. அத எப்டி மாப்ள நான் வாங்கறது? நெசத்த சொன்னா போலீசுல குடுத்துடுவாரு." வெகுநேரம் மண்வெட்டியைத் தரையில் குத்திக்கொண்டே இருந்தார். பிறகு மோட்டாரை நிறுத்தினார். "வாங்க, போவலாம். குடுத்தா குடுக்கட்டும்."

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மகளிடம் கல்யாணத்துக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு என்னோடு வந்தார். மெட்ராஸ் வீட்டுக் கூடத்தில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி, "ஐயா, மரத்த வெட்டுனவனும் நான்தாங்க," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியும்," என்றார் டிரம்மர்.

மாமனார் நிமிர்ந்தார்.

"கார் மோதினதும் மொதல்ல பாத்ததே உன் கோடாலியத்தான். அதோடதான ஓடியாந்த? என்ன வெட்டத்தான் வர்றன்னு கண்ண மூடிக்கினேன். அப்புறம் காதண்ட யாரோ ஐயோ ஐயோன்னு அழுவறது கேட்டுது." இடது கையை நீட்டி என் கையிலிருந்த சிம்பலை வாங்கினார். கட்டைவிரலால் அந்தப் புள்ளி எழுத்துகளைத் தடவினார். திடீரென்று அவர் முகம் சிவந்தது. "அது போவட்டும். இதுமேல உளி வச்சது எவன்?"

"நான்தாங்க வெட்டச் சொன்னன்."

"அறிவிருக்காய்யா உனக்கு? கை போச்சு, அது என் கை. இது இன்னா பண்ணுச்சு உன்ன? வெண்கலத்துல உளி வச்சிக் குத்துவாங்களா? எவ்ளோ நாள் தேடியிருப்பேன் தெரியுமா இத!"

தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். வரப்பிலும் பஸ்ஸிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் மாமனார், அந்தத் திட்டுக்குக் குலுங்கிக் குலுங்கி அழுதார். டிரம்மர் ஓயும் வரை திட்டினார். மூச்சு வாங்க உட்கார்ந்து, சிம்பலை என்னிடமே நீட்டினார்.

"எடுத்துக்கினு போ. சீரு குடுத்தத நான் திருப்பி வாங்கறதில்ல."

அதற்குப் பிறகு எத்தனையோ கச்சேரிகளில் அந்தச் சிம்பலை வாசித்துவிட்டேன். அந்தப் பள்ளங்கள் இருக்கும் பக்கத்தை எனக்கு எதிர்ப்புறமாகத் திருப்பித்தான் மாட்டுகிறேன். இருந்தாலும் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் கை ஒரு கணம் தயங்குகிறது, தாளம் தப்புகிறது.