இங்கே சார் சிரிப்பார்

ஆசிரியர்கள் சோர்ந்துபோகாமல் இருப்பது எப்படி என்று ஒரு சனிக்கிழமை எங்களுக்குப் பயிற்சி நடந்தது. விடுமுறை நாளைப் பிடுங்கித்தான் அதைச் சொல்லித் தர முடியும்போல. கண்ணை மூடி ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொன்னார் பயிற்சியாளர். எனக்கு எண்ணூர்தான் வந்தது: சாம்பல், கரி வாடை, முடிவே இல்லாத டிரெய்லர் லாரி வரிசை. பக்கத்தில் கணக்கு சார் குறட்டை விட்டார். பயனடைந்தவர் அவர் ஒருவரே.

ராஜினாமாக் கடிதத்தை அதற்கு முன்பே எழுதி வைத்திருந்தேன். திங்கட்கிழமை கொடுப்பதாக முடிவு.

திங்கள் முதல் பாடவேளை, தண்டையார்பேட்டைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. பாடம் துறைமுகங்கள். வழக்கமான குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண்ணின் உதடுகள் எனக்கு அரை வினாடி முன்னால் அசைந்தன. அவள் முன்னாலிருந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஐந்து வருடம் முன்பு என்னிடம் படித்த அவள் அக்காவுடையது. நான் சொல்லிக்கொண்டிருந்ததற்கும் அதற்கும் ஒரு சொல்கூட மாறவில்லை. கப்பல் ஓட்ட ஹெல்மெட் வேண்டாம் என்ற என் நகைச்சுவையும் இருந்தது. அதனடியில் சிவப்பு மையில்: 'இங்கே சார் சிரிப்பார்.'

"அது பரீட்சைக்கு வராதுன்னு அக்கா சொல்லிக்கீது சார்," என்றாள், உதவும் தொனியில்.

ஆசிரியர் வேலைக்கு முன் நான்கு வருடம் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். பழைய செய்தியைத் தேதி மாற்றிப் போட்டால் அங்கே அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே எனக்கு வருடாந்திர ஊதிய உயர்வு தந்திருந்தார்கள். என்னைக் களைப்பாக்கியது பிள்ளைகள் என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

இரண்டு நோட்டையும் மூடினேன். துறைமுகத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். மூன்றாவது பெஞ்சுப் பெண்ணே எழுந்தாள்.

"எங்க அப்பா டிரெய்லர் ஓட்றாரு சார். ரெண்டு நாளா ஹார்பர் கேட்டாண்ட வரிசைல நின்னுகினு கீறாரு. அதுக்குள்ள கப்பல் பூட்டா, வண்டில கீற கன்டெய்னர் பெட்டி இன்னா ஆவும்?"

பாடம் நடத்திய பதினோரு வருடத்தில் நான் அதை யோசித்ததே இல்லை. தெரியாது என்றேன்.

"தெரியாதுன்னு எழுதிக்கட்டா சார்?"

எழுதிக்கொள்ளச் சொன்னேன். நாளைக்குச் சொல்வதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ராஜினாமா செய்தவன் மறுநாள் வந்து பதில் சொல்வது முறையல்ல. மாலை, கடிதத்தைக் கொடுக்காமல், துறைமுக வாசலுக்குப் பஸ் ஏறினேன்.