தும்மலுக்கு முன் எடுத்த ரத்தம்

ரத்தம் எடுக்கும் அறையில் அவளுக்கு 'ஒரே குத்து அக்கா' என்று பெயர். பன்னிரண்டு வருடத்தில் ஒரு குழந்தையையும் அவள் இரண்டாம் முறை குத்தியதில்லை. வாய் திறந்து அதிகம் பேசமாட்டாள். அந்தப் பெயர்தான் அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தது.

மூக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைப் பற்றி டாக்டரம்மா ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். இரும்பைத் துரு அரிப்பதுபோல உடம்பின் அணுக்களை ஆக்ஸிஜன் அரிக்கிறதாம். அந்தச் சேதம் எவ்வளவு என்று ரத்தத்தில் அளந்து பார்க்க வேண்டும். ஆனால் இந்தப் பிள்ளைகளிடம் ஊசியைவிடப் பெரிய தொல்லை தும்மல்.

அன்று வந்த ஏழு வயதுச் சிறுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "ஒரு தடவைதானே?"

"ஒரே தடவை. சத்தியமா."

ஊசி இறங்கியதும் சிறுமியின் மூக்கு நுனி சுருங்கியது. தும்மல் வரப்போகிறது, கையை உதறினால் எல்லாம் போச்சு. அக்கா வெடுக்கென்று ரத்தத்தை இழுத்தாள். ஊசி வெளியே வந்த மறுநொடி அறை அதிரத் தும்மல்.

"அடேங்கப்பா, மயிரிழைல தப்பிச்சோம்!" என்று சிறுமியின் அம்மா சிரித்தாள். டாக்டரம்மா மூக்கைப் பார்ப்பதற்காக இருவரும் வெளியே போய் உட்கார்ந்தார்கள்.

ரத்தம் உறைந்ததும் அக்கா குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தாள். மேலே தெளிந்து நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். லேசாக ரோஜா நிறம் தட்டியது. வேகமாக இழுத்ததில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. அந்தச் சிவப்பு கலந்தால் சேதத்தின் அளவு பொய்யாக ஏறும்.

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். "வெளிச்சத்துல பிடிச்சாத்தான் தெரியுது. பேசாம உள்ள வைங்கக்கா. உங்க பேரை நீங்களே கெடுத்துக்காதீங்க."

குளிர்பெட்டியின் கதவைத் திறந்தாள். வெண்புகை கையில் மோதியது. வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது, அவர்கள் கிளம்புகிறார்கள். கதவை அறைந்து சாத்திவிட்டு ஓடினாள்.

"இன்னொரு தடவை எடுக்கணும்மா. நான் அவசரமா இழுத்துட்டேன்."

அம்மாவின் முகம் சிவந்தது. "விளையாடுறீங்களா? இவளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்திருக்கேன்!"

"தப்பு என்னோடதுதான். அப்படியே விட்டா, இவளுக்கு இல்லாத கோளாறை இருக்குன்னு காட்டிடும்."

அம்மா மகளைப் பார்த்தாள்.

"சத்தியம் பண்ணீங்களே," என்றாள் சிறுமி, கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி.

"ஆமா. பண்ணேன்."

"திரும்பத் தும்மல் வந்தா?"

"தும்மி முடி. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கேன்."

சிறுமி மூன்று முறை தும்மினாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு மறுகையை நீட்டினாள். இம்முறை ரத்தம் நிதானமாக ஏறியது. பஞ்சை அழுத்திக்கொண்டு போனவள் திரும்பிப் பார்க்கவேயில்லை.

குழாயில் வைக்கோல் நிறம் தெளிந்தது. ஆய்வுத் தாளில் 'மறுமுறை எடுத்ததற்குக் காரணம்' என்ற இடத்தில் அவள் எழுதினாள்: வேகமாக இழுத்தது நான்.