எட்டாம் எண் கயிறு

ராப் மன்ரோவை, கூட இருந்தே குழி பறித்தவன் என்று, ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைந்த எங்கள் கார்னி ஊரில் இன்னமும் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. என் காதில் விழாதவரைக்கும் சொல்லிக்கொள்ளட்டும். கோர்டனின் மதுக்கடையில் இருபத்தாறு வருடம் பியர் ஊற்றியவள் நான். அங்கே யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது இந்த வாய்ச்சவடால்காரர்களைவிட எனக்கு நன்றாகவே தெரியும்.

ராப்பும் கோர்டனும் கிளாஸ்கோவில் ஒரே தெரு. ஒரே விமானத்தில் நியூஜெர்சிக்கு வந்து இறங்கியவர்கள். ராப் மொய்ராவைக் கட்டிக்கொண்டபோது மாப்பிள்ளைத் தோழனாக நின்றது கோர்டன்தான். கோர்டன் மாமனார் தயவில் கடை போட்டார். ராப் பக்கத்து ஊரில் ஓர் அச்சகத்துக்கு லாரி ஓட்டினான். சனிக்கிழமை காலையில் நான் கதவைத் திறந்தால் முதல் ஆளாக வாசலில் நிற்பான். அறையைச் சூடாக்கும் வெப்பக் குழாய்க்குப் பக்கத்து முக்காலி அவனுடையது; வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் பின்னால் நின்று இருமிக்கொண்டே இருப்பான், அவர்களே எழுந்துவிடுவார்கள். ஒரு சாசேஜ் ரோல், ஒரு டீ, ஆட்டம் சூடு பிடித்த பிறகு அரை கிளாஸ் பியர். அதற்கு மேல் குடித்து நான் பார்த்ததில்லை.

அவனிடம் ஒரு கோணல் பழக்கம் இருந்தது. பெனால்டி அடிக்கப் போகிறார்கள் என்றால் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவான். நெஞ்சு தாங்காது என்பான். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பான். பந்து வலைக்குள் போனதா இல்லையா என்பதை அதிலேயே தெரிந்துகொள்வான். "மூஞ்சிய வெச்சே ஸ்கோர் சொல்றவன்டா இவன்" என்று கோர்டன் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

முன்பெல்லாம் ஐரோப்பாவின் கால்பந்து ஒளிபரப்பு மொத்தமும் ஒரே கம்பெனியிடம் இருந்தது. கடைக்காரர்கள் அவனுக்கு ஒரு சந்தா கட்டினால் போதும். அப்புறம் பெரிய பெரிய சேனல்காரர்களுக்கெல்லாம் திடீரென்று இந்த ஆட்டத்தின் மேல் காதல் பொங்கியது. ஏலத்தில் ஒருவனை ஒருவன் மிஞ்சினார்கள். இங்கிலாந்து லீக் ஒருத்தனுக்கு, எங்கள் ஸ்காட்லாந்து லீக் இன்னொருத்தனுக்கு, ஐரோப்பியக் கோப்பை மூன்றாமவனுக்கு. சில வருடம் போனதும் மறுபடி ஏலம், மறுபடி எல்லாம் கை மாறும். ஏலத்தில் கொட்டியதை அவர்கள் எங்கே வந்து அள்ளுவார்கள்? எங்களைப் போன்ற கடைகளில்தான். வீட்டுக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை. அதிலும் கடை விலை எப்படி என்றால், இந்த இடத்தில் இத்தனை பேர் இருக்கலாம் என்று தீயணைப்புத் துறை சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்குமே, அதைப் பார்த்துத்தான். ஐரோப்பியக் கோப்பை எங்களுக்கு வருவது வேலைநாள் மதியத்தில். அந்த நேரத்தில் பத்து கிழவர்கள் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். ஆனால் கட்டுவது மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு உண்டான சந்தா. வயிறு எரியுமா எரியாதா?

கோர்டன் முதல் இரண்டு கம்பெனிகளுக்கும் ஒழுங்காகக் கட்டினார். மூன்றாவதுக்கு மூச்சு முட்டியது. மனைவி பெயரில் வீட்டுச் சந்தா எடுத்து, பெட்டியைக் கொண்டுவந்து கடையில் மாட்டிவிட்டார். ஊரில் பாதிப் பேர் அப்போது அதைத்தான் செய்தார்கள். ஒரே ஒரு இடைஞ்சல். கடைச் சந்தா என்றால் திரையின் மூலையில் சின்னதாக ஒரு பியர் குவளைப் படம் வந்து போகும். வீட்டுச் சந்தாவில் வராது. கம்பெனி ஆள் வந்தால் முதலில் தேடுவது அதைத்தானாம். கோர்டன் வெள்ளை ஒட்டுத்தாளைக் கொடுத்து, குவளை மாதிரி வெட்டி மூலையில் ஒட்டச் சொன்னார். வெட்டியவள் நான்தான். கைப்பிடி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு.

அந்தச் சமயத்தில் ராப்பின் அச்சகம் மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. மொய்ராவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கிடையாது. ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறேன் என்று எங்களிடம் சொல்லியிருந்தான். நாங்களும் துருவிக் கேட்கவில்லை. அந்த வயதில் வேலை கிடைத்ததே பெரிது.

ஒட்டுத்தாள் ஏறிய வாரமே ராப் அதைக் கண்டுபிடித்துவிட்டான். ஆட்டம் முடிந்து நான் டிவியை அணைத்தேன். அவன் முக்காலியிலிருந்து எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டான்.

"ஏ செங்கா, டிவிய அணைச்சப்புறமும் குவளை அங்கயே நிக்குதே. செத்தவனோட ஆவியா அது?"

கடையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கோர்டன் அருகே வந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"டேய், நெஜக் குவளை வரும், போகும். விளம்பரத்துல இருக்காது. இதக் கிழிச்சிடுடா, சொன்னாக் கேளு. ஒழுங்காக் கட்டிடு, இல்ல அந்தப் பெட்டியத் தூக்கிடு."

"இன்சூரன்ஸ் விக்கிறவனுக்கு இதெல்லாம் எப்படிடா தெரியும்?" என்று கோர்டன் கேட்டார்.

"நாலு கடை பாக்குறேன்ல."

கோர்டன் அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார். ஒட்டுத்தாள் அங்கேயே இருந்தது. வருடக்கணக்கில் இருந்து ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. ராப் வரும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்ப்பான், பிறகு கோர்டனைப் பார்ப்பான். நாங்கள் அதையும் ஒரு வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டோம்.

ஒரு குளிர்காலத்தின் முடிவில் நீதிமன்ற நோட்டீஸ் வந்தது. கம்பெனி கேட்ட தொகைக்குக் கடையை விற்றாலும் காணாது. கோர்டன் அதைப் படித்துவிட்டு, துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். யார் சொன்னது, யார் சொன்னது என்று ஊரெல்லாம் இதே பேச்சு. ராப்பும் வந்து தன் முக்காலியில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. நண்பனுக்காக வருந்துகிறான் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து நியூவார்க்கிலிருந்து அமரோ என்று ஒரு போர்த்துகீசியக் கடைக்காரர் வந்தார். அவருக்கும் இதே மாதிரி வழக்கு வந்து கடை போய்விட்டது. எங்கள் வக்கீலைப் பற்றி விசாரிக்க வந்தவர், உள்ளே நுழைந்ததும் வெப்பக் குழாய்ப் பக்கம் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த ஆளு இங்க என்ன பண்றாரு?" என்றார். "எங்க கடையில உக்காந்து பியர் வாங்கிக் குடிச்சிட்டு, தலைய எண்ணிட்டுப் போயி கம்பெனிக்கு எழுதிக் குடுத்தவரு இவருதான். கோர்ட்ல சத்தியம் பண்ணும்போது எதிர்ல உக்காந்திருந்தேன்."

அப்புறம் என்ன, எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். இன்சூரன்ஸ் வேலை பொய். குவளையைப் பற்றி அவ்வளவு விவரமாகப் பேசினானே, அது எப்படி? பெனால்டி சமயத்தில் திரையைப் பார்க்காமல் நம் முகத்தையே பார்ப்பானே, எண்ணிக்கொண்டுதானே இருந்தான்? அவன் இருபது வயதிலிருந்து அப்படித்தான் உட்காருகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த வாய்களேதான் இதைச் சொல்லின. நானும் நம்பினேன், நம்பவில்லை என்று இப்போது பூசி மெழுகப் போவதில்லை.

ராப் மறுக்கவில்லை. மெதுவாக எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"மத்த ஊரெல்லாம் எழுதினேன் கோர்டன். மொய்ராவுக்கு மருந்து வேணும், எழுதினேன். ஒன் கடைய எழுதல."

"போடா வெளிய," என்றார் கோர்டன். "போறப்ப எத்தன தலைன்னு எண்ணிட்டுப் போ. கூலி கொறஞ்சிடப் போவுது."

அதற்குப் பிறகு அவனை யாரும் கடையில் பார்க்கவில்லை. தெருவில் எதிரே வந்தால் மறு பக்கம் கடந்து போனார்கள். ரொட்டிக் கடையில் அவன் வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நின்றார்கள். மொய்ராவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வந்த பக்கத்து வீட்டுக்காரி, காருக்கு பிரேக் சரியில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் புருஷன் அதே காரில்தான் ஆட்டம் பார்க்க வருவான். இப்படி ஒரு ஊர், இப்படி ஒரு சனம்.

அந்த அக்டோபரில் ராப் செத்தான். பேட்டர்சன் என்ற ஊரில் ஒரு மதுக்கடைக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டு, ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் தொடங்கக் காத்திருந்திருக்கிறான். உள்ளே போகவே இல்லை. மாரடைப்பு. போலீஸ் வந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம்.

எங்கள் ஸ்காட்லாந்து ஆட்கள் சவப்பெட்டியைக் குழிக்குள் எந்திரத்தில் இறக்குவதில்லை. எட்டுக் கயிறு கட்டி எட்டுப் பேர் கையால் இறக்க வேண்டும். எந்தக் கயிறு யாருக்கு என்று எண் போட்ட சீட்டு முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள். ஒன்றாம் எண் தலைமாடு. மகனுக்கு உரியது, மகன் இல்லையென்றால் உடன்பிறந்தான் மாதிரி யார் இருந்தானோ அவனுக்கு. ஜென்மப் பகை இருந்தாலும் சீட்டு வந்தால் போய்க் கயிறு பிடித்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்கள். சீட்டைத் திருப்பிய ஆளை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

மொய்ரா ஊன்றுகோலோடு தானே கடைக்கு வந்தாள். எட்டுச் சீட்டையும் பியர் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பின்னாடி பேரு எழுதியிருக்கேன் செங்கா. நீயே குடுத்திடும்மா."

கோர்டன் சரக்கு அறைக்குள் போனவர், அவள் போகிறவரைக்கும் வெளியே வரவில்லை. ஒன்றாம் எண் சீட்டில் அவர் பெயர்தான் இருந்தது. ஒவ்வொருவரிடமும் நீட்டிப் பார்த்தேன். ஒருவன் முதுகுவலி என்றான். ஒருவன் அன்றைக்கு வேலை என்றான். டங்கன் என்கிற தடியன், "அவன் கம்பெனிக்காரங்கள வந்து எறக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு இன்னொரு பியர் கேட்டான். நான் ஊற்றவில்லை. எட்டாம் எண் சீட்டின் பின்னால் பெயரே இல்லை. எட்டாவதாக ஓர் ஆள் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

அடக்கத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சீட்டுகள் அங்கேயே கிடந்தன. "அதெல்லாம் எடுத்துக் குப்பையில போடும்மா" என்றார் கோர்டன். ஏழு சீட்டைப் போட்டேன். எட்டாவதை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவன் எழுதிக்கொடுத்தவனாகவே இருக்கட்டும். குழிக்குள் இறங்கும்போது பிடிக்க ஆள் வேண்டாமா?

எங்களில் பெண்கள் கயிறு பிடிக்கிற வழக்கம் இல்லை. போதகர் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு எட்டாம் கயிற்றைக் காட்டினார். மற்ற கயிறுகளை அடக்கம் செய்யும் கம்பெனியின் ஆட்கள் பிடித்தார்கள். தலைமாட்டுக் கயிறு பிடித்தவன் வண்டியோட்டி. சூயிங்கம் மென்றுகொண்டே பிடித்தான். மொய்ரா நாற்காலியில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழக்கு சமரசத்துக்கு வந்தது அடுத்த மே மாதம், நியூவார்க்கில் கம்பெனி வக்கீலின் அலுவலகத்தில். கடையில் வேலை செய்தவள் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். வக்கீல் சின்ன வயது, நல்ல பையன்தான். தொகையைக் குறைத்துப் பேசினார்கள். குறைத்தும் கடை மிஞ்சவில்லை. கையெழுத்துப் போடும்போது கோர்டனுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க ஆளே எங்களக் காட்டிக்குடுத்திட்டான் தம்பி. மன்ரோன்னு ஒருத்தன். இல்லேன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

வக்கீல் நிமிர்ந்து பார்த்தான்.

"மன்ரோவா? அவராலதான் சார் எங்களுக்கு இத்தன வருஷம் தெரியாமப் போச்சு. கார்னிப் பக்கம் அவரு பொறுப்பு. உங்க கடைக்குப் போனேன், ஐரோப்பியக் கோப்பையே அங்க போடுறதில்லன்னு ஒவ்வொரு வருஷமும் சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. உங்க கடை மேல சந்தேகம் வந்து வேற ஆள அனுப்பினோம். அவரு குடுத்த பழைய தாளையெல்லாம் பொரட்டிப் பாத்தது போன அக்டோபர்லதான். பொய்ச் சத்தியம்னு அவர் மேலயே கேஸ் போடுறதா இருந்துது. அதுக்குள்ள தவறிட்டாரு."

உண்மையைச் சொல்லித் தப்பிக்க அவனுக்கு வழி இருந்ததா? பொய்ச் சத்தியம் பண்ணினேன் என்று சொன்னால் ஜெயில், மொய்ராவுக்கு மருந்து நின்றுபோகும். பாவி மனுஷன், அதனால்தான் அன்றைக்கு ‘எழுதல’ என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டான். கோர்டன் பேனாவின் மூடியைத் தப்பான முனையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

வக்கீலுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? தாள்களை அடுக்கிக்கொண்டே, உதவி செய்கிற நினைப்பில் இன்னொன்றும் சொன்னான். வரும் ஆகஸ்டிலிருந்து ஐரோப்பியக் கோப்பை அவர்களிடம் இல்லையாம். ஏலத்தில் இன்னொரு கம்பெனி மேலே போய்விட்டதாம். யாராவது கடை நடத்துவதாக இருந்தால் அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாமாம்.

திரும்பும்போது கோர்டன்தான் ஓட்டினார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் காரை ஓரம் கட்டினார்.

"செங்கா, அந்த ஒண்ணாம் நம்பர் சீட்டு இருக்கா?"

"குப்பையில போடச் சொன்னீங்க. போட்டுட்டேன்."

"ஒண்ணு கூட இல்லியா?"

"எட்டாம் நம்பர் இருக்கு. நான் பிடிச்சது."

அவர் கையை நீட்டினார். நான் கைப்பையைத் திறக்கவில்லை.