நாலாம் நாற்காலி

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் கறார் அக்கா. பங்கு என்று வந்துவிட்டால் சோப்புக் கட்டியைக்கூட நூல் பிடித்துத்தான் அறுப்பாள். அவளை ஏமாற்றியவர்கள் உண்டு. ஏமாற்றிவிட்டு அவள் வாயிலிருந்து தப்பியவர்கள் இல்லை.

பதினொரு வருஷமாக அவளுக்கு மடிப்பு ஜோடி நெட்டை. கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, ஓர் உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் துணி தரையில் படும். பட்டால் மறுபடி சலவைக்குத்தான். இவர்கள் கையில் துணி தரையில் பட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. கறாருக்கு முதுகு பிடித்துக்கொண்ட மாதங்களில் குனிகிற வேலையையெல்லாம் நெட்டை வாய் திறக்காமல் எடுத்துக்கொண்டாள். அந்தப் பங்கை மட்டும் கறார் நூல் பிடித்துப் பார்க்கவில்லை.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். மனிதர்களின் ஒத்துழைப்பையும் நியாய உணர்வையும் அளக்கப் போகிறார்களாம். அளக்கட்டும். அளக்க வந்த இடத்தில் அவர்கள் செய்த காரியத்தை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

சலவைக் கூடத்து ஆட்கள் பதினாறு பேரை இரண்டு அறைகளில் உட்கார வைத்தார்கள். கண்ணாடி போட்ட ஆராய்ச்சித் தம்பி விதியைச் சொன்னான். பக்கத்து அறையில் ஒருவரிடம் நூறு ரூபாய் கொடுத்திருக்கிறோம். அதில் உங்களுக்கு எவ்வளவு என்று அவர் சீட்டு அனுப்புவார். நீங்கள் சம்மதித்தால் இருவருக்கும் அவரவர் பங்கு. வேண்டாம் என்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அவர் யார் என்று சொல்ல மாட்டோம். நீங்களும் நடந்ததை யாரிடமும் பேசக் கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கறாருக்கு வந்த சீட்டில், ‘உங்களுக்குப் பத்து’ என்று அச்சாகியிருந்தது. மூலையில் பொடியாக நாலு என்று ஓர் எண். நாற்காலிகளுக்கும் ஒன்றிலிருந்து எட்டுவரை எண் ஒட்டியிருந்தார்கள். உள்ளே வரும்போதே அவள் பார்த்திருந்தாள், பக்கத்து அறையின் நாலாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நெட்டை. தொண்ணூறு தனக்கு, பத்து எனக்கா? ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் அவள் போட்ட கோட்டில் காகிதம் கிழிந்தது.

மறுநாளிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நெட்டை ஏதாவது கேட்டால், "நூறும் உனக்கே இருக்கட்டும்மா" என்பாள். நெட்டைக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே வாரத்தில் முதல்முறையாக விரிப்பு தரையில் விழுந்தது. கறார் நேராக மேற்பார்வையாளரிடம் போய், "எனக்கு ஜோடிய மாத்துங்க" என்றாள். நெட்டையைத் தலையணை உறை மேசைக்குப் போட்டார்கள். நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில், நாள் முழுக்க வெந்துகொண்டு நிற்கிற வேலை அது.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் சுற்று. நெட்டை அன்றைக்குக் காய்ச்சலில் விடுப்பு. பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. நாலாம் நாற்காலி காலி. ஆனாலும் சீட்டு வந்தது. உங்களுக்குப் பத்து. மூலையில் நாலு.

கறார் எழுந்து நின்றாள். "தம்பி, நாலாம் நாற்காலியில ஆளே இல்லையே. இத யார் அனுப்பினது?"

அவன் அவளை வெளியே வராந்தாவுக்கு அழைத்துப் போனான். "அது நாற்காலி நம்பர் இல்லம்மா. சீட்டு வகை. மொத்தம் அஞ்சு வகை, நாலாவது வகைன்னா பத்து."

"எழுதினது யாரு?"

"கம்ப்யூட்டர்."

"அப்ப அந்த ரூம்ல இருந்தவங்க?"

"அவங்களுக்கும் இதே மாதிரி சீட்டுதாம்மா போச்சு. யாரும் யாருக்கும் அனுப்பல."

"எல்லாரையும் கூப்பிட்டு இத இப்பவே சொல்லுங்க."

"இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரி பாக்கி இருக்கும்மா. இப்ப சொன்னா ஆராய்ச்சி கெட்டுடும். சில விவரங்களைப் பின்னாடி சொல்வோம்னு நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு."

"உங்க ஆராய்ச்சி கெடக் கூடாது, எங்க பொழப்பு கெடலாமா? இல்லாத ஆள் பேரச் சொல்லி எங்கள ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க முடியாம பண்ணிட்டு, அதுக்குப் பேரு நியாயமா?"

அவன் குனிந்து நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டான். அதையும் ஒரு முடிவாகச் சேர்த்துக்கொண்டானோ என்னவோ. படித்தவர்களுக்கு எரிகிற வீடும் ஒரு கணக்குதான்.

கறார் திரும்பி உள்ளே போய், பக்கத்து அறைக்காரர்களையும் கூப்பிட்டு, பதினாலு பேர் முன்னால் தொண்டை கிழிய உண்மையைப் போட்டு உடைத்தாள். சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள். இரண்டாம் சுற்று அதோடு சரி.

நெட்டை காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்த அன்று காலையில், கறார் நீராவி மேசைக்குப் போனாள். சீட்டு, எண், கம்ப்யூட்டர், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டினாள். ஆராய்ச்சிக்காரர்களைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினாள். "பாத்தியா அநியாயத்த! நீ அனுப்பவே இல்ல. அங்க அனுப்ப ஆளே இல்ல!"

நெட்டை கையிலிருந்த உறையை மடித்து முடித்தாள். நீராவியில் அவள் முகம் சிவந்து கிடந்தது.

"அவங்க யாரோ அக்கா. வந்தாங்க, பொய் சொன்னாங்க, போயிட்டாங்க. நீ சொல்லு. அங்க ஆள் இல்லன்னு தெரிஞ்சதும் ஓடி வந்துட்டே. ஆள் இருந்திருந்தாலும் அது நான் இல்லன்னு உனக்கு ஏன் தோணல?"

கறார் வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு ஆள் தேடி அவள் வாய் திணறியது அன்றைக்குத்தான். நெட்டை அடுத்த உறையை எடுத்துக்கொண்டாள்.