நெற்றியிலிருந்து இறக்கிய மூக்கு

மூக்கின் இடப்பக்கத்துப் புண் கண்ணாடி அழுத்தி வந்தது என்றுதான் தேசிகன் முதலில் நினைத்தார். இரண்டு முறை ஃபிரேமை மாற்றியும் அது ஆறவில்லை. டெலிபோன் இலாகாவில் லைன் இன்ஸ்பெக்டராக முப்பது வருஷம் பெங்களூரில் அல்சூருக்கும் பீன்யாவுக்கும் வெயிலில் அலைந்தவர். கடைசி நான்கு வருஷம் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனார். அவள் போய், இவரும் ரிட்டயராகி, ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தோலில் கேன்சர், ஆனால் எளிதில் பரவாத வகை என்று டாக்டர் சொன்னபோது பயம் வரவில்லை. மறுபடியும் ஆஸ்பத்திரியா என்ற அலுப்புதான் வந்தது.

வெளியே மிளகளவு தெரிந்தது, உள்ளே நாசி ஓரம்வரை ஓடியிருந்தது. வெட்டி எடுத்து, மிச்சம் எதுவும் இல்லையென்று ரிப்போர்ட் வந்தபின், டாக்டர் எரிக் அவரையும் மகள் கிருத்திகாவையும் உட்காரவைத்துப் பேசினார்.

"காதுக்குப் பின்னாடி தோல் எடுத்து ஒட்டலாம் சார், ஒரே நாள் வேலை. ஆனா உங்களுக்கு உள்ள தாங்குற குருத்தெலும்பும் போயிடுச்சு. வெறும் தோல் சுருங்கி மூச்சை அடைக்கும்."

"வேற?"

"சிலிகான்ல மூக்கு செஞ்சு மாட்டிக்கலாம். இல்லேன்னா நெத்தித் தோலைப் பட்டை மாதிரி இறக்கி மூக்குல தைக்கணும். அதுக்கு ரத்தம் அந்தப் பட்டை வழியாத்தான் வரும். மூணு வாரம் அப்படியே விட்டு, அப்புறம் அறுத்துவிடுவோம்."

"மாட்டிக்கற மூக்கே போறும்," என்றார் தேசிகன்.

ஆட்டோவில் கிருத்திகா கேட்டாள்: "ஏம்ப்பா?"

"சீக்கிரம் முடியும். உனக்கும் லீவு மிச்சம்."

"என் லீவு கிடக்கட்டும். தினம் கழட்டி, கழுவி, துடைச்சு வைக்கணும். உன்னால முடியுமா?"

டயாலிசிஸுக்காக மனைவியின் கழுத்தில் போட்டிருந்த குழாயைத் தினமும் துடைத்துக் கட்டுப்போட்டவர் அவர்தான். இனி ஒன்றையும் அப்படிப் பார்த்துக்கொள்ளத் தெம்பில்லை. மறுவாரம் நெற்றித் தோலுக்குச் சம்மதித்தார்.

"நாமம் போடுற இடத்துல தழும்பு வரும் சார்," என்றார் எரிக்.

"பெருமாள் கோபிச்சுக்கமாட்டார். எடுத்துக்கோங்கோ."

மூன்று வாரம் அவர் வாசல் பக்கம் போகவில்லை. புருவத்திலிருந்து மூக்குக்குப் பாலம்போல அந்தத் தோல் கிடந்து கசிந்தது. கண்ணாடி மாட்ட முடியாததால் கிருத்திகா ஆபீஸ் கிளம்புமுன் பேப்பரைப் படித்துக் காட்டினாள். மூக்கில் ஈ உட்கார்ந்தால் நெற்றியில் ஊர்வதுபோல் இருந்தது. நெற்றியில் கையை வீசி விரட்டிய பிறகுதான் அது மூக்கென்று ஞாபகம் வரும்.

பட்டையை அறுத்த பிறகும் மூக்கு ஒரு பக்கம் தடித்தே இருந்தது. ஆறு மாதம் கழித்து இன்னொரு தரம் செதுக்கலாம் என்றார் எரிக்.

"மூச்சு வர்றது டாக்டர். இது போறும்."

நவம்பரில், உயிரோடிருப்பதாகக் கையெழுத்துப் போட பென்ஷன் பாங்குக்குப் போனார். கிளார்க் போட்டோவையும் முகத்தையும் இரண்டு முறை பார்த்தான்.

"ஆக்ஸிடென்டா சார்?"

"ஆமாம்," என்றார் தேசிகன். முதலிலிருந்து சொல்ல அலுப்பாக இருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.